கோழிக்கடையிலிருந்து ஓர் அளவுகோல்

ஆய்வகக் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, எங்கள் துறைக்கு வேறோர் ஆய்வகம் கழித்துக் கொடுத்த ஃப்ளோ சைட்டோமீட்டர் ஒன்று வந்திருக்கிறது. அதைத் தினமும் சரிபார்க்கும் மணிகளை (ஒரே அளவான நுண்துகள்களை) வாங்க எங்களிடம் பணம் இல்லை. அவற்றை நாங்களே செய்துகொள்ள முடியுமா? (ஆராய்ச்சி மாணவர், தருமபுரி)

பதில்: முடியும், தம்பி. நானே பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். இந்தக் கருவியில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைச் சிதறடித்தது, எவ்வளவு ஒளிர்ந்தது என்று கருவி அளக்கிறது. நேற்று அளந்த அதே கண்ணால்தான் இன்றும் அளக்கிறதா என்று சோதிக்கவே மாறாத துகள்கள் வேண்டும். தினசரிச் சோதனைக்கு மட்டும் என்றால் உங்கள் முதல் மணி கோழிக்கடையில் கிடைக்கும்.

கோழியின் சிவப்பணுவுக்கு நம்முடையதைப் போலல்லாமல் உட்கரு உண்டு. க்ளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தினால் அந்த அணு கெட்டியாகி, தானாகவே ஒளிரத் தொடங்கும். சாயம் எதுவும் தேவையில்லை. நீல லேசரில் பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை எல்லா உணர்விகளிலும் தெரியும். இந்தத் துறையின் தொடக்க காலத்தில் பெரிய ஆய்வகங்களும் இதைப் பயன்படுத்தின.

நான் பெங்களூரில் வேலை பார்த்தபோது, ஞாயிறன்று காரிமங்கலத்துக்கு வந்தால் திங்கள் விடியற்காலை கோழிக்கடையில் நின்று, இரத்தத்தை நேராகக் குழாயில் பிடித்துக்கொள்வேன். குழாயில் முன்கூட்டியே 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு இரத்தம். இது இல்லாவிட்டால் ஓசூர் வருவதற்குள் உறைந்து கட்டியாகிவிடும். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன்.

ஆய்வகத்தில் பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே படியும் வெண்படலத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிறகு நிறையக் கரைசலில் செல்களைத் தளரக் கலைத்துவிட்டு, காந்தக் கலக்கி சுழன்றுகொண்டிருக்கும்போதே க்ளூட்டரால்டிஹைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசியில் ஒரு சதவீதம் இருந்தால் போதும். என் முதல் முயற்சியில் அடியில் படிந்த செல்லின் மேலேயே மொத்தமாக ஊற்றிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒரே கட்டியாகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. சரியாகச் செய்தால் சிவப்பு மெல்லப் பழுப்பாக மாறும். இரவு முழுவதும் மெதுவாகச் சுழலவிட்டு, காலையில் கழுவி, 40 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டுங்கள். க்ளூட்டரால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். புகைப்பெட்டிக்குள் (ஆவியை வெளியே இழுத்துவிடும் பெட்டி) வைத்தே வேலை செய்யுங்கள், கையுறையைக் கழற்ற வேண்டாம்.

கருவியில் ஓட்டியதும் ஒன்றைக் கண்டு பயந்துவிடாதீர்கள். திரையில் வரும் வரைபடத்தில், ஒளிர்வுக்கு ஒரே முகடு தெரியும். ஆனால் நேர்முன் சிதறலில் (லேசர் போகும் திசையிலேயே சிதறும் ஒளி) இரண்டு திமில்கள் வரும். இரண்டு வகைச் செல்கள் கலந்துவிட்டன என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கியவள் நான். கோழியின் அணு தட்டையான நீள்வட்டம். முகம் காட்டிப் போகும்போது ஒரு விதமாகவும் விளிம்பு காட்டிப் போகும்போது வேறு விதமாகவும் ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான்.

துல்லியமாக உருண்டையான மணிதான் வேண்டும் என்றால், சாயமில்லாத 6 மைக்ரான் பாலிஸ்டைரீன் துகள்களை வாங்கி நீங்களே சாயம் ஏற்றலாம். சாயமேற்றியவற்றைவிட இவை மலிவு. நைல் ரெட் போன்ற சாயத்தைச் சிறிதளவு குளோரோபாரத்தில் கரைத்து, நீரில் மிதக்கும் துகள்களோடு சேர்த்துக் குலுக்கினால் பிளாஸ்டிக் ஊதிச் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளோரோபாரம் ஆவியானதும் சாயம் உள்ளேயே சிறைப்படும். சாயத்தை மூன்று மூன்று மடங்காகக் குறைத்து நான்கு குழாய்களில் செய்து ஒன்றாகக் கலந்தால் திரையில் நான்கு முகடுகள் படிக்கட்டாக நிற்கும். குளோரோபாரம் கூடினால் துகள்களே கரைந்து கூழாகிவிடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: சைட்டோமீட்டரில் வைக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன்தான். அதில் குளோரோபாரத்தை விட்டால் சுவர் வெளிறி இளகி, மேசையில் ஒழுகும். கண்ணாடிக் குழாயில் மட்டுமே செய்யுங்கள்.

நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கழுவுவதற்குக்கூடத் தொடாதீர்கள். கடின நீரின் உப்புத் தூசியும் துகளாகவே கணக்கில் ஏறும். காய்ச்சி வடித்த நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் செய்த மணி மலிவு. அதற்கு நம்பகம் தருவது உங்கள் நோட்டுப் புத்தகம். தினமும் அதே மின்னழுத்தத்தில் ஓட்டி, முகட்டின் இடத்தையும் அகலத்தையும் (கருவி சி.வி. என்று காட்டும் எண்) எழுதுங்கள். புதிய தொகுதி செய்தால் பழையதோடு சேர்த்து இரண்டு வாரம் ஓட்டிய பிறகே மாறுங்கள். எப்படியாவது கம்பெனி மணிக் குப்பி ஒன்றே ஒன்றை வாங்கி, மாதம் ஒரு முறை உங்கள் மணிகளை அதோடு ஒப்பிடுங்கள். அதையும் மிச்சம் பிடிக்க முயன்றால் முழு உழைப்பும் வீண்.

கேள்வி: இத்தகைய மணிகளை விண்வெளியில் செய்தார்கள் என்பது உண்மையா? (பள்ளி ஆசிரியை, கிருஷ்ணகிரி)

பதில்: உண்மை. துகளைத் திரவத்தில் மணியாக வளர்க்கும்போது அது முதலில் மிதக்கப் பார்க்கும், பிறகு அடியில் படியப் பார்க்கும்; வேகமாகக் கலக்கினால் ஒட்டிக்கொள்ளும். எடையற்ற இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1983-இல் சேலஞ்சர் விண்கலத்தில் செய்த 10 மைக்ரான் மணிகளை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 1985-இல் விற்பனைக்கு விட்டது. விண்வெளியில் செய்து விற்ற முதல் பொருள் அதுதான். ஆனால் நார்வேயின் ஜான் உகெல்ஸ்டாட் 1976-லேயே பூமியில் ஒரே அளவு மணிகள் செய்யும் வழியைக் கண்டிருந்தார். மாணவர்களிடம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்களே செய்த மணிகளை எண்ணிக்கை மணிகளாக (எத்தனை என்று முன்பே தெரிந்த மணிகளாக) இரத்தத்தில் சேர்த்து, நோயாளிகளின் சிடி4 அளவை (எச்.ஐ.வி. தாக்கும் தற்காப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கையை) கணக்கிடலாமா? செலவு பெருமளவு குறையும். (ஆய்வக நுட்புநர், ஓசூர்)

பதில்: கூடாது. செல்லுக்கும் மணிக்கும் உள்ள விகிதத்தை, ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை மணி என்ற எண்ணால் பெருக்கித்தான் அந்தக் கணக்கு வருகிறது. உங்கள் எண் பத்து சதவீதம் பிசகினால் அன்று வந்த எல்லா நோயாளிகளின் அறிக்கையும் பத்து சதவீதம் பிசகும். உண்மையில் ஒரு மைக்ரோலிட்டரில் 190 செல் உள்ளவருக்கு 209 என்று எழுதிக் கொடுப்பீர்கள். 200-க்குக் கீழே என்றால் நோய் முற்றிய நிலை என்று எடுத்துக்கொண்டு மருத்துவர் கூடுதல் பரிசோதனைகள் செய்வார். அந்த மனிதர் அவை இல்லாமல் வீடு திரும்புவார். உங்கள் மணிகளைக் காலையில் லேசரைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் குழாயில் தொகுதி எண் அச்சிட்ட, மருத்துவப் பரிசோதனைக்கு அனுமதி பெற்ற மணியைத் தவிர வேறெதுவும் விழக் கூடாது.

கேள்வி: நான் செய்த மணிகள் குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி இருந்து உறைந்துவிட்டன. கரைத்துப் பயன்படுத்தலாமா? (கல்லூரி மாணவி, பாலக்கோடு)

பதில்: வேண்டாம். உறைந்தவை கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். எவ்வளவு குலுக்கினாலும் முழுதும் பிரியாது. அடுத்த முறை 4 டிகிரியில், கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். கெடாமலிருக்க சோடியம் அசைடு சேர்த்திருந்தால் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். செம்புக் குழாயில் தேங்கினால் வெடிக்கக்கூடிய உப்பாக மாறும். அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. தனிப் பாட்டிலில் சேமித்து, பெயர் எழுதி, கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.