வாசகர் கேள்வி – பதில்: கவின்கலைக் கல்லூரியில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் தேர்வு எழுதியிருக்கிறாள். நடிகர்கள், தலைவர்கள், உறவினர்கள் ஆகியோரின் புகைப்படங்களைப் பார்த்துப் பென்சிலால் அச்சு அசலாக வரைந்து பள்ளியில் பல பரிசுகள் வாங்கியிருக்கிறாள். கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவளுடைய அப்பாவோ, பி.காம். படித்துவிட்டு ஓவியத்தைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். “படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?” என்று உறவினர்கள் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, சோற்றைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்களும் உங்கள் மகளும் சேர்ந்து விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவளுக்குப் பிடித்திருப்பது வரைவதா, அல்லது வரைந்து முடித்த படத்தைப் பிறர் பாராட்டுவதா? இரண்டும் குற்றமில்லை. ஆனால் கவின்கலை இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள் நீள்வது; நாள்தோறும் பல மணி நேரம் பலகையின் முன் நிற்க வைப்பது. முதல் விருப்பம் உள்ளவர்களால்தான் அதைத் தாங்க முடியும்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதை நான் இகழவில்லை. அதற்கும் பொறுமை வேண்டும், கைக்கட்டுப்பாடு வேண்டும். எனினும், உருண்டு திரண்ட உலகத்தைத் தட்டையான தாளாக மாற்றும் கடினமான வேலையை அங்கே கேமரா ஏற்கெனவே செய்து முடித்துவிடுகிறது. எங்கிருந்து பார்ப்பது, எதை விடுவது, ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்ற முடிவுகளெல்லாம் எடுக்கப்பட்ட பிறகுதான் படம் உங்கள் மகளின் கைக்கு வருகிறது. கலைக் கல்லூரியில் கற்றுக்கொடுப்பதோ அந்த முடிவுகளைத்தான். நுழைவுத் தேர்விலும் முன்னால் வைத்த பொருளையோ அமர்ந்திருக்கும் ஆளையோ பார்த்து வரையச் சொல்வதும், ஒரு தலைப்பைக் கொடுத்து மனத்திலிருந்து வரையச் சொல்வதும்தான் வழக்கம். பரிசுகளைக் குவித்த பிள்ளைகள் அங்கே ஒரு பானையின் முன் திகைத்து நிற்பதை ஓவிய ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஆகவே இன்றிலிருந்து அவளைப் புகைப்படம் இல்லாமல் வரையச் சொல்லுங்கள். வீட்டுக் குடத்தைத் தரையில் வைத்து வரையட்டும். பிறகு அதையே மேசைமேல் வைத்து வரையட்டும். கண்மட்டத்திற்கு நேராக இருக்கும்போது கோடாகத் தெரியும் குடத்தின் வாய், கீழே இறங்க இறங்க நீள்வட்டமாக விரிவதை அவள் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு அளக்கப் பழகட்டும். பேருந்து நிலையத்திலும் காய்கறிச் சந்தையிலும் நின்று, அசைந்துகொண்டே இருக்கும் மனிதர்களை ஓரிரு நிமிடங்களுக்குள் கோடுகளாகப் பிடிக்கட்டும். அழிரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்கு ஒரு பெரும் வசதியும் இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. காளை இன்று இல்லை. ஆனால் அதன்மேல் சாய்ந்திருந்த கை அப்படியே இருக்கிறது. உடலின் எடை முழுவதும் ஒரு காலில் இறங்கியிருக்க, மற்றொரு கால் குறுக்கே தளர்ந்து நிற்கிறது. இடுப்பு ஒருபுறம் உயரும்போது தோள் எதிர்ப்புறம் சாய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சோழநாட்டுச் சிற்பி உடலின் எடையை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பதை, அந்த உருவத்தை வரைய முயன்று தோற்கும்போதுதான் முழுமையாக உணர முடியும். அவளை அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார விடுங்கள். மாலையில் அவள் களைப்போடும் ஆர்வத்தோடும் திரும்பினால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இனிப் படிப்பைப் பற்றி. தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் உங்கள் ஊரிலுமாக இரண்டு இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. இசைக்கும் கவின்கலைக்கும் என்று மாநில அரசு 2013-இல் தனிப் பல்கலைக்கழகம் நிறுவிய பிறகு, இக்கல்லூரிகளின் பட்டங்கள் அதன் வழியாகவே வழங்கப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். வணிகவியல் ஒரு தடையில்லை. தனியார் நிறுவனம் எதையாவது எண்ணினால், அங்கே தருவது பல்கலைக்கழகப் பட்டமா, வெறும் சான்றிதழா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது.

சோற்றுக்கு வருகிறேன். ஓவியம் விற்று மட்டுமே வாழ்வது, படித்து முடித்த முதல் சில ஆண்டுகளில் மிக அரிது. இதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் இப்படிப்பு வண்ணக்கலையோடு முடிவதில்லை. சிற்பம், துகில் வடிவமைப்பு, சுடுமண் கலை, பதிப்போவியம் (அச்சாகப் பதித்து உருவாக்கும் ஓவியம்), காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன்) என்று துறைகள் உண்டு. விளம்பரம், பதிப்பகம், நெசவு வடிவமைப்பு, திரைப்படக் கலை இயக்கம், அனிமேஷன், பள்ளி ஆசிரியப் பணி என்று வேலைகள் அவற்றிலிருந்து கிளைக்கின்றன.

பெரிய ஓவியர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்து சென்னைக் கல்லூரியில் படித்த ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். காந்தியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கோட்டோவிய வரிசையும், தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் வரைந்தவையும் ஒரே கையிலிருந்து வந்தவை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாடிக் (மெழுகு பூசிச் சாயமேற்றிய) துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே அன்றாடச் செலவைச் சமாளித்தார்கள். ஓவியத்தைக் காப்பாற்றுவதற்காகக் கைத்தொழில் செய்த அந்த மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் கணவரின் அச்சத்தைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு, தேர்வு வரையில் அவள் தினமும் வரைகிறாளா என்று அவரையே கவனிக்கச் சொல்லுங்கள். யாரும் பாராட்டாத பானைகளையும் செருப்புகளையும் அவள் விடாமல் வரைந்துகொண்டிருந்தால், அவரே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ச் சேர்க்கட்டும். இரண்டு வாரங்களில் சலித்துப்போனால் பி.காம். படிக்கட்டும், அதில் அவளுக்கு எந்த இழிவும் இல்லை.

கேள்வி: கவின்கலைக் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன், ஐயா. தினமும் அசையாப் பொருள்கள், மனித உருவம், நிலக்காட்சி என்று ஒரே பயிற்சிதான். எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்?
— ஒரு மாணவர், சென்னை

பதில்: தம்பி, மேலே சொன்ன பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1911-இல் பிறந்தவர். இளமையில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகளை வரைந்து பெயர் பெற்றார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற, எழுத்துகளும் கட்டங்களும் குறிகளும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் தொடங்கியது 1963-இல். அப்போது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். அந்த நீர்வண்ண ஆண்டுகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. கூர்ந்து பார்த்துப் பழகிய கண்ணும் கையும் இருந்ததால்தான், பின்னாளில் அவரால் எதை விடலாம் என்று துணிந்து முடிவெடுக்க முடிந்தது.

இப்போது பாணியைத் தேடிப் போனால், கைப்பேசியில் பார்க்கும் யாரோ ஒருவரின் பாணிதான் உங்கள் கையில் வந்து உட்காரும். வகுப்பு வேலை முடிந்ததும் சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு நடந்து போய், சுமைதூக்குபவர்களின் தோள்களையும் காத்திருப்பவர்களின் கால்களையும் வரையுங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதியை எழுதி வையுங்கள்; மோசமாக வந்ததைக்கூடக் கிழிக்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தால், எந்தக் கோட்டை நீங்கள் அறியாமலேயே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். அந்தத் தாள்களோடு உங்கள் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள்.