ஐந்தாவது மாதத்தில் ஆடலாமா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு, மகளிர் கூடைப்பந்து அணியின் துணைத் தலைவி. ஜூலையில் பயிற்சியின்போது குதித்து இறங்கியதில் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்துவிட்டது. ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. ஜனவரியில் அவளுக்குக் கடைசிப் போட்டித் தொடர். "வலியே இல்லைம்மா, முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு பத்து நிமிஷமாவது ஆடுகிறேன்" என்கிறாள். வேண்டாம் என்றால் அழுகை, அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் என்றே சொல்லுங்கள், சகோதரி. ஆகஸ்டிலிருந்து ஜனவரி ஐந்து மாதம்தான். குறைந்தது 9 மாதம் என்பதுதான் விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, பலருக்கு ஒரு வருஷமும் ஆகிறது. வலி இல்லை என்று அவள் சொல்வது உண்மைதான், ஆனால் வலியை வைத்து இதை அளக்க முடியாது. கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக வைப்பது பெரும்பாலும் அவளுடைய பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த தசைநாண். உள்ளே ரத்த ஓட்டம் பிடித்து, முதலில் பலவீனமாகி, அப்புறம்தான் அது மெல்ல மெல்ல உறுதியாகும். மாடிப்படி ஏறும்போது வலிக்காத முட்டி, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போதும் தாங்கும் என்று அர்த்தமில்லை. கூடைப்பந்தில் அதுதானே முழு வேலையும்! பட்டையை நம்பி இறங்குவது ஆபத்து. மறுபடி கிழிந்தால் இன்னோர் அறுவை சிகிச்சை, கூடவே மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் கெடலாம்.

அவள் தன்னையே நொந்துகொள்கிறாள் என்றால், பெண் ஆட்டக்காரர்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகமாகவே வருகிறது என்று சொல்லுங்கள். அவள் தப்பில்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் இதே ஏசிஎல்தான் கிழிந்தது. ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார், 2025 ஏப்ரலில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் தேசியப் பட்டம் வென்றார். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி மகளைத் தேற்றாதீர்கள். அங்கே காயத்தால் போன சீசனுக்கு ஈடாக இன்னோர் ஆண்டு ஆட வழி உண்டு. இங்கே பல்கலைக்கழகங்களும் பாலிடெக்னிக்குகளும் மோதும் ஐவிபி மாதிரிப் போட்டிகள் மாணவர்களுக்கானவை, படித்துப் பட்டம் வாங்கினால் முடிந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற வார்த்தை அவளுக்கு இல்லை. அதனால்தான் கதவைச் சாத்துகிறாள், அந்த அழுகையைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

என்னோடு கல்லூரியில் ஆடிய ஒரு தோழிக்கும் இறுதியாண்டில் முட்டி போனது. பார்க்கத் தாங்காது என்று ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. ஆட முடியாததைவிட, அந்தப் பெஞ்சில் எங்களோடு உட்காராததைத்தான் இன்றுவரை சொல்லி வருந்துகிறாள். உங்கள் மகளுக்கு அது நேர வேண்டாம். பயிற்றுநரிடம் பேசச் சொல்லுங்கள்: அணி பயிற்சி செய்யும் அதே நேரத்தில் ஓரமாக அவள் தன் பிசியோ பயிற்சியைச் செய்யட்டும், எதிரணியின் ஆட்டத்தைக் கவனித்துச் சொல்லட்டும், முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தான் ஆடும் இடத்தைக் கற்றுக்கொடுக்கட்டும்.

ஜனவரி ஆட்டங்களுக்கு நீங்களும் போங்கள். திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். மே மாதத்துக்குமேல், ஒற்றைக்கால் தாவலும் தொடை பலமும் மற்றக் காலோடு ஒப்பிட்டால் 90 விழுக்காடாவது வந்து, மருத்துவரும் பிசியோவும் சரி என்று சொன்ன பிறகு, உங்கள் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் முதல் பந்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.