சடங்கன்று அழுத பிள்ளை

கேள்வி: அக்கா, நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தோம், இப்போது டவுனில் மலிவு விலை வீடு. வீட்டுக்காரருக்கு இன்னும் செம்பனைத் தோட்டத்தில்தான் வேலை. மகளுக்குப் பதினைந்து வயது. ஏழு வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார், ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டையும் எடுத்துவிட்டோம். போன வருடத்திலிருந்து “நான் பொண்ணு இல்ல, என்னை ‘டி’ போட்டுக் கூப்பிடாதீங்க” என்கிறாள். முடியைத் தானே கத்தரித்துக்கொண்டாள். வீட்டில் தமிழ் பேசுவதையே விட்டுவிட்டாள், எல்லாம் மலாய்தான். மாமியார் செய்வினை என்கிறார். நாத்தனாரோ, “ஆட்டிசம் பிள்ளைக்கு என்ன தெரியும், எதையாவது பிடித்தால் விடாது, போனைப் பிடுங்கிவை” என்கிறார். யோசித்துப் பார்த்தால் சடங்கு வைத்த அன்றே மேடையில் அழுது, புடவையை உருவி எறிந்தாள். இந்த இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருமா அக்கா? நான் என்ன செய்யட்டும்?
ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வரும், தங்கச்சி. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை இது. 2010இல் ஆம்ஸ்டர்டாமில் பாலினம் சம்பந்தமான மருத்துவமனைப் பிரிவுக்கு வந்த 204 பிள்ளைகளைப் பார்த்ததில் 7.8 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருந்தது. 2020இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை வைத்துப் பார்த்தார்கள். பிறந்தபோது எழுதிய பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இதைத் திருப்பிப் போட்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் ஆவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பெரும்பாலான பிள்ளைகள் அப்படி இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது சடங்கு. அந்த அழுகைக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பட்டுப்புடவையின் ஜரிகை தோலில் முள் மாதிரி குத்தும், மேளச் சத்தம் காதைக் கிழிக்கும், ஐம்பது பேர் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் தடவுவது அதற்குத் தாங்க முடியாத வேதனை. ஒலி, வெளிச்சம், தொடுதல் எல்லாம் அளவுக்கு மீறிப் படுவது ஆட்டிசத்தின் ஓர் அடையாளம் என்று 2013இலேயே மருத்துவர்களின் வரையறையில் சேர்த்துவிட்டார்கள். அதனால் அழுதிருக்கலாம். அல்லது ஊரே கூடி நின்று “இனிமேல் நீ பெரிய மனுஷி” என்று சொன்ன சொல்லுக்காக அழுதிருக்கலாம். எது என்று எனக்கும் தெரியாது, நாத்தனாருக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இதுவரை யாரும் அதனிடம் கேட்கவில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

கேட்கிற விதம் முக்கியம். “நீ ஏன் இப்படி இருக்க?” என்று கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் வராது, அது ரொம்பப் பெரிய கேள்வி. சின்னதாக, நேராகக் கேளுங்கள். புடவை துணியா பிடிக்கல, இல்ல அது பொம்பளைங்க துணின்னு பிடிக்கலையா? மாதவிலக்கு வரும்போது பேட் உறுத்துறது கஷ்டமா, இல்ல அது வர்றதே கஷ்டமா? முகத்தைப் பார்த்துப் பேச வராவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் கேள்வி எழுதுங்கள், பிள்ளை எழுதிப் பதில் தரட்டும், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. உறுத்துவது துணி என்றால் பருத்திச் சட்டை வாங்கிக் கொடுத்தால் அது தீர்ந்துவிடும். அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் அந்த மிச்சத்தையும் பிள்ளை சொல்லும்.

மலாய் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை தமிழை வெறுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தமிழில் “நான் வந்தேன்” என்று தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஆண் பெண் கிடையாது, ஆனால் அடுத்தவர் வாய் திறந்தால் உடனே டி, வந்தாள், போனாள். மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ‘டியா’தான். அந்த மொழியில் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழிலும் நாம் அந்த இடத்தைக் கொடுக்கலாமே. “பிள்ளை சாப்பிட்டுச்சா?”, “வா சாமி”, “கண்ணு, இங்க வா” என்று கூப்பிடுங்கள், இதில் எதிலும் டி இல்லை. நான் இந்தப் பதிலில் மகள் என்றும் எழுதவில்லை, மகன் என்றும் எழுதவில்லை. நீங்கள் கேட்டுச் சொன்னால் அடுத்த முறை அப்படியே எழுதுகிறேன்.

அப்புறம் நாத்தனார் சொன்னது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதையே காரணமாக்கி அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை எல்லாம் தள்ளிவிடலாமா? பசிக்கிறது என்றால் நம்புகிறோம், சத்தம் தாங்கவில்லை என்றால் காதை மூடிவிடுகிறோம், தன்னைப் பற்றிச் சொன்னால் மட்டும் “அதுக்கு என்ன தெரியும்” என்கிறோம். இந்தத் துறை நிபுணர்கள் பலர் சேர்ந்து இப்படிப்பட்ட பதின்ம வயதினருக்காகவே வழிகாட்டி நெறிகள் எழுதியிருக்கிறார்கள். அதில் இருப்பது இதுதான்: ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காகப் பாலினத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கக் கூடாது, அதே சமயம் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக நேரம் கொடுத்து, இரண்டையும் அறிந்தவர்கள் சேர்ந்து பார்க்க வேண்டும். அவசரம் எதற்கும் இல்லை. முடி வெட்டியது வளரும், சட்டையை மாற்றலாம், கூப்பிடும் பெயரையும் மாற்றலாம். நாளை பிள்ளையே வேறு மாதிரி சொன்னால் அதையும் இதே காதால் கேளுங்கள்.

எனக்கு இருக்கிற உண்மையான பயம் வேறு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு யாரிடம் எதைச் சொல்லலாம், யார் கேலி செய்கிறார், யார் ஆபத்து என்று முகத்தைப் பார்த்துப் புரியாது. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதனால் வீட்டில், பள்ளியில், கடையில் என்று இடம் இடமாகப் பிரித்து, எங்கே சொல்லலாம், எங்கே வேண்டாம் என்று எழுதி ஒட்டுங்கள், வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதற்காக அல்ல, பாதுகாப்புக்காக என்று காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பள்ளியில் நம்பிக்கையான ஒரு டீச்சரைப் பிடித்து வையுங்கள். பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம், அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். செய்வினைக்குக் கழிப்பு எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். கட்டிவைத்து வேப்பிலை அடித்த ஒரு பிள்ளையை நான் சிறு வயதில் எங்கள் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கேள்வி: ஆட்டிசத்தைச் சரி செய்துவிட்டால் இந்த ஆண் பெண் குழப்பமும் போய்விடும்தானே?
ஒரு வாசகர், கூலிம்

பதில்: போகாது ஐயா. ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளர்ந்த விதம், மருந்து கொடுத்துத் தீர்க்கிற நோய் இல்லை. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைப் பயிற்சி எல்லாம் பிள்ளையின் வாழ்க்கையைச் சுலபமாக்கத்தான், பிள்ளையை மாற்ற அல்ல. பாலினம் ஒத்துப்போகாததையும் உலகச் சுகாதார நிறுவனம் மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, அந்தப் புதிய பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: அக்கா, நான் திருநங்கை, வயது முப்பத்தெட்டு, குளுவாங்கில் பூ கட்டுகிறேன். அக்காள் மகனுக்கு ஆட்டிசம் என்றதும் கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். படிக்கப் படிக்க என்னைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது. பசார் மாலாம் (இரவுச் சந்தை) சத்தத்தில் எனக்கு மயக்கமே வரும், யார் கண்ணையும் பார்க்க வராது, தினமும் ஒரே சாப்பாடுதான். இந்த வயதில் போய்க் கேட்டால் சிரிப்பார்களா?
பூக்காரி, குளுவாங்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சுங்கை சிப்புட் பிள்ளைக்கு நேர் எதிராக உங்களுக்கு நடந்திருக்கிறது. அங்கே பிள்ளை எதைச் சொன்னாலும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். உங்களைச் சின்ன வயதிலேயே ‘பொண்டான்’ என்று, பெண் மாதிரி நடக்கிற ஆண் என்று கேலியாகச் சொல்லிவிட்டார்கள், அதற்கப்புறம் நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்தாலும், சத்தத்துக்குப் பயந்து ஓடினாலும், பேச்சு வராமல் நின்றாலும் எல்லாம் அந்த ஒரு சொல்லின் கணக்கில்தான் போயிருக்கும். வேறு காரணம் இருக்குமா என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கிண்டலுக்குப் பயந்து மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடந்து பழகியவர்களிடம் ஆட்டிசம் வெளியே தெரிவதும் குறைவு.

முப்பத்தெட்டு தாமதம் இல்லை, ஐம்பது அறுபதில் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அம்மாவையோ அக்காளையோ கூட்டிப்போங்கள், உங்கள் ஐந்து ஆறு வயதுக் கதையைத்தான் முதலில் கேட்பார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பழைய பெயரே இருந்தால் கவுண்டரில் அதைச் சத்தமாகக் கூப்பிடக்கூடும், அட்டையின் கடைசி எண்ணும் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, பதியும்போதே நீட்டிவிடுங்கள், வாயால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். காலையில் முதல் ஆளாகப் போனால் கூட்டமும் சத்தமும் குறைவு. அக்காள் மகனுக்குக் கொடுத்த அந்தத் தாளில் உங்களுக்குப் பொருந்துகிற வரிகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டு, அதையும் கையில் எடுத்துப்போங்கள்.