முட்டிய கப்பலைச் சுடலாமா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் மாமா வீட்டு மேசையில் 'எக்ஸ்-விங்' என்ற குட்டி விண்கப்பல் பொம்மை விளையாட்டை, 2012இல் வந்த முதல் பதிப்பு, ஆடுகிறோம். என் கப்பல் மாமா பையன் கப்பலில் முட்டி நின்றது. "தொட்டபடி இருந்தால் சுடக்கூடாது" என்கிறான். அப்புறம், என்னிடம் அடிபட்டு அழிந்த கப்பலால் திருப்பிச் சுடவும் செய்கிறான்! இது நியாயமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: பையன் விதி படித்தவன், விடுங்கள். அடித்தட்டும் அடித்தட்டும் தொட்டிருக்கும்வரை நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் சுட முடியாது. பக்கத்தில் நிற்கும் மூன்றாவது கப்பலைத் தாராளமாகச் சுடலாம். முட்டியது நீங்கள் என்பதால் அந்தச் சுற்றில் உங்களுக்கு, நகர்ந்தபின் செய்யும் கூடுதல் செயலான ஆக்‌ஷன் கிடையாது. அவனுடையது அவனுக்கு உண்டு. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், இருவருக்கும் போய்விட்டதாக நினைத்து. கப்பலைக் கண்ணளவில் தள்ளி வைக்காதீர்கள். கப்பலை நகர்த்த வைக்கும் அளவுகோலான நகர்வு அட்டை மேலேயே, தொடும் நிலை வரும்வரை பின்னுக்கு இழுக்க வேண்டும். சிவப்பு நகர்வு (கடினமானது என்று சிவப்பில் குறித்தது) என்றால் முட்டினாலும் ஸ்ட்ரெஸ் டோக்கன், அதாவது விமானியின் மன அழுத்தத்தைக் காட்டும் வில்லை, உண்டு.

அழிந்த கப்பல் விஷயம்: இரண்டு கப்பல்களின் விமானி அட்டையில் உள்ள திறன் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றானால் இருவரும் ஒரே நேரத்தில் சுட்டதாகக் கணக்கு. அவன் தன் முறையைச் சுட்டுவிட்டுத்தான் கப்பலை எடுப்பான். உங்கள் எண் 5, அவனுடையது 3 என்றால் சுடும் உரிமை உங்களுக்கே முதலில். அழிந்தது அழிந்ததுதான், அவன் வாய் திறக்கக் கூடாது. நகரும்போது மட்டும் சின்ன எண்ணுக்கு முதல் முறை.