பையன் எக்கனாமிக்ஸ் ரிசர்ச் பண்ணப் போறேங்கிறான், என்ன செய்றது?

அக்கா வணக்கம். மெசேஜ் பாத்தேன், ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பியிருக்கீங்க, முதல்ல நல்லா தூங்குங்க. தம்பி, அதான் உங்க பையன், இன்னும் என்எஸ்ல, நம்ம சிங்கப்பூரு தேசிய சேவையில தான இருக்கான், சேவை முடிஞ்சு வெளிய வர்ற ஓஆர்டிக்கே மாசக்கணக்குல இருக்கு. அதுக்குள்ள அக்கவுண்டன்சி சீட்ட விட்டுட்டு எக்கனாமிக்ஸ் படிக்கிறேன், அப்புறம் தொழில் வர்த்தகம்னு ரிசர்ச் பண்ணப் போறேன்னு சொன்னதும் அண்ணன், அதான் உங்க வீட்டுக்காரரு, பாதி சாப்பாட்டுல எந்திரிச்சிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அத படிச்சா யாரு வேலை குடுப்பான்னு அண்ணன் கேக்குறது நியாயம்தான், அதுக்கு பதிலும் இருக்கு. ஆனா எனக்கு கவலை வேற எடத்துல இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

வேலை விஷயம். 2018ல டாக்சி ஆப் உபர் இந்தப் பக்கத்து பிசினஸ போட்டிக் கம்பெனி கிராப்புக்கு குடுத்துட்டு கெளம்பிச்சே, அதுக்கப்புறம் கிராப் காசு ஏறிடுச்சுன்னு நாம எல்லாரும் பொலம்பிட்டு இருந்தோம். அந்த நேரத்துல சிசிசிஎஸ்ல, அதான் போட்டித்தன்மை பயனீட்டாளர் ஆணையத்துல, உக்காந்து கணக்கு போட்டு, தள்ளுபடி எல்லாம் கழிச்சு பாத்தா கட்டணம் 10லேருந்து 15 சதவீதம் ஏறியிருக்குன்னு காட்டினாங்க, ரெண்டு கம்பெனிக்கும் சேத்து 13 மில்லியன் வெள்ளி அபராதம் போட்டாங்க. தம்பி சொல்ற படிப்போட ஒரு பக்கம் இதுதான். வர்த்தக தொழில் அமைச்சு, நாணய ஆணையம், டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மாதிரி பேங்குங்க, அம்ரோ, ஐசியாஸ் மாதிரி ஆய்வு நிறுவனங்க, கன்சல்டிங் கம்பெனிங்க, எல்லா எடத்துலயும் எக்கனாமிஸ்ட் இருக்காங்க. நம்ம ஊரோட மொத்த வர்த்தகம் ஜிடிபிய விட மூணு மடங்குக்கு மேல, வர்த்தகத்த புரிஞ்சுக்கிட்ட ஆளு இங்க தேவைப்படாம போகுமா? ஜூரோங்க தொழிற்பேட்டையா மாத்தின நம்ம முன்னாள் துணைப் பிரதமர் கோ கெங் சுவீயே லண்டன் எல்எஸ்இ யூனிவர்சிட்டில எக்கனாமிக்ஸ்ல பிஎச்டி பண்ணவருதான், அண்ணன்கிட்ட சொல்லுங்க. சம்பளத்துக்கு என் வாய்வார்த்தைய நம்ப வேணாம், பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வுன்னு வருஷா வருஷம் கோர்ஸ் வாரியா போடுறாங்க, ரெண்டு கோர்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

இப்ப என் கவலைக்கு வர்றேன். தம்பிக்கு ஏ லெவல் பரீட்சையில எச்2 எக்கனாமிக்ஸ்ல ஏ, மேத்ஸ்ல பி. ஜேசில, அதான் தொடக்கக் கல்லூரியில, எக்கனாமிக்ஸ்னா கட்டுரை எழுதுறது, கேஸ் ஸ்டடி, வரைபடம் ரெண்டு போட்டு பேசுறது, நல்லா பேசத் தெரிஞ்ச பிள்ளைங்க அதுல ஜெயிச்சிடும். ரிசர்ச் அப்படி இல்லவே இல்ல, முழுக்க கணக்கு, புள்ளியியல், கோடிங், அதுக்கு மேல மாசக்கணக்குல டேட்டாவ சுத்தம் பண்ற எரிச்சல்.

ஒரு உதாரணம் சொல்றேன், இத அப்படியே தம்பிகிட்ட குடுங்க. 2022 ஜூன் 1லேருந்து மலேசியா கோழி ஏற்றுமதிய நிறுத்துனாங்க ஞாபகம் இருக்கா, சந்தையில ஃப்ரெஷ் கோழி கிடைக்காம ஃபுரோசன் வாங்கினோமே. அதுக்கு முந்தின வருஷம் நம்ம கோழி இறக்குமதியில 34 சதவீதம் மலேசியாவுலேருந்துதான். சரி, அந்தத் தடையால விலை எவ்வளவு ஏறிச்சு? முன்ன ஒரு விலை, பின்ன ஒரு விலை, கழிச்சா முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா அந்த வருஷம் தீவன விலை, எண்ணெய் விலை எல்லாமே ஏறுச்சு, அப்ப தடை இல்லாட்டியும் கோழி விலை ஏறித்தான இருக்கும்? அதனால தடையால பாதிக்கப்படாத இன்னொரு பொருள பக்கத்துல வச்சு ஒப்பிடணும். மீன வைக்கலாமான்னா கோழி கிடைக்காதவங்க மீனுக்கு போயிருப்பாங்க, மீன் விலையும் அதனாலயே ஏறியிருக்கும், ஒப்பீடே கெட்டுப்போச்சு. பிரேசில் ஃபுரோசன் கோழிய வச்சாலும் இதே சிக்கல், இன்னும் மோசம். அப்ப எத வைக்கிறது? இந்த ஒரு கேள்வியில மட்டும் ஒரு ஆளு மூணு மாசம் மாட்டிக்கிட்டு கெடப்பான், அதுதான் இந்த வேலை. புள்ளிவிவரத் துறையோட சிங்ஸ்டாட் தளத்துல மாசாமாசம் விலை விவரம் இலவசமா இருக்கு, தம்பி முகாம்லேருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வர்ற வீக்கெண்டுல அத எக்செல்லுல எறக்கி கொஞ்சம் நோண்டட்டும். ரெண்டு மணி நேரத்துல போரடிச்சு போன எடுத்துட்டான்னா உங்களுக்கு பதில் கிடைச்சிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு கூப்பிட்டும் எந்திரிக்கலைன்னா, அதுவும் பதில்தான்.

மேத்ஸ்ல பி ஒண்ணும் உலகம் முடிஞ்சு போற விஷயம் இல்ல, ஆனா யூனிவர்சிட்டில கணக்கோ புள்ளியியலோ செகண்ட் மேஜரா எடுத்து, லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதார டேட்டாவுக்கான புள்ளியியல்) மூணுலயும் நல்ல கிரேடு வாங்கணும், நல்ல பிஎச்டி புரோகிராம்ல அதத்தான் மொதல்ல பாப்பாங்க. அதோட ஏதாவது ஒரு புரொஃபசர்கிட்ட ரிசர்ச் அசிஸ்டென்ட்டா ஒட்டிக்கணும். என்டியூல, அதான் நன்யாங் யூனிவர்சிட்டில, யுரேகான்னு இதுக்குன்னே திட்டம் இருக்கு, மத்த எடத்துலயும் நேரா போயி கேட்டா குடுப்பாங்க, நம்ம பிள்ளைங்க கேக்கவே கூச்சப்படுதுங்க.

காசு பத்தி ஒண்ணு, நல்ல பிஎச்டி புரோகிராம்ல ஃபீஸ தள்ளுபடி பண்ணி மாசம் உதவித்தொகையும் தருவாங்க. அதனால அண்ணன் வீட்ட அடமானம் வைக்கிற பேச்சுக்கே எடம் இல்ல, அஞ்சாறு வருஷம் தம்பி பெருசா சம்பாதிக்க மாட்டான், அவ்வளவுதான். அரசாங்க ஸ்காலர்ஷிப் கெடச்சா சந்தோஷம்தான், ஆனா படிச்சு முடிச்சு இத்தனை வருஷம் அவங்ககிட்ட வேலை பாக்கணும்னு பாண்ட் இருக்கும், பிஎச்டிக்கு எப்ப அனுப்புவாங்க, அனுப்புவாங்களான்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. புரொஃபசர் வேலைய மட்டும் நம்பி எறங்க வேணாம், இங்க உள்ள டிபார்ட்மென்டுங்க உலகம் பூரா ஆள் தேடுது, அமெரிக்காவுல பிஎச்டி முடிச்சவங்களோட மோதணும். அமைச்சு, ஆணையம், பேங்கு எல்லாம் கண்ணுல இருக்கட்டும்.

அக்கவுண்டன்சி சீட்ட இப்ப விடாதீங்க. மறுபடி அப்ளை பண்றதுன்னா வருஷ ஆரம்பத்துலயே செய்யணும், பழைய சீட்டு என்ன ஆகும்னு ரெண்டு அட்மிஷன் ஆபீஸ்லயும் ஈமெயில்ல கேட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. அக்கவுண்டன்சியிலேயே இருந்துட்டு எக்கனாமிக்ஸ செகண்ட் மேஜரா எடுக்க முடியுமான்னும் கேளுங்க, முடிஞ்சா அண்ணனும் கொஞ்சம் அடங்குவாரு. அடுத்த தடவ தம்பிய எனக்கு நேரா மெசேஜ் பண்ணச் சொல்லுங்க, அந்த எக்செல் ஃபைல கூடவே அனுப்பட்டும்.