நெஞ்சைத் திறந்த பிறகும் உணவுக்குழாய்க்குள் எக்கோ கருவி எதற்கு?

கேள்வி: இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தை எடுத்துச் செல்லும் பெருந்தமனி கிழிந்து அவசர அறுவை சிகிச்சை செய்யும்போது நெஞ்சைத் திறந்து இதயத்தை நேரிலேயே பார்க்கிறார்கள். பிறகு எதற்குத் தொண்டை வழியாக ஸ்கேன் கருவியை விடுகிறார்கள்?

இதே கேள்வியை ஒரு கொத்தனாரின் மகன் என்னிடம் கேட்டார். இரவு ஒன்றரை மணி, மதுரையில் அறுவை அரங்கின் வாசல். நான் இதய அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவன், காரைக்குடிக்காரன். அவர்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். அப்பா பழைய வளவு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்ப்பவர். சாரத்தின் மேல் நிற்கும்போது நெஞ்சில் தொடங்கி முதுகுவரை கிழித்துக்கொண்டு போனதுபோல வலி. முதலில் போன இடத்தில் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மாலையில் சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருப்பத்தூர், மேலூர் வழியாக ஆம்புலன்ஸில் 80 கிலோமீட்டருக்கு மேல் வந்து சேர்ந்தார்.

"நெஞ்சைத்தான் திறக்கப் போகிறீர்களே சார், தொண்டைக்குள் வேறு எதற்கு விடுகிறீர்கள்?" என்றார் மகன், ஒப்புதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

"தம்பி, சுவரில் காரை உப்பியிருந்தால் உங்கள் அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டேன்.

"கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பார். உள்ளே பொள்ளலாக இருந்தால் சத்தம் மாறும்."

பாதிப் பதிலை அவரே சொல்லிவிட்டார். பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் கீறல் விழுந்தால் ரத்தம் அதற்குள் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். விரிசலில் இறங்கிய மழைநீர் காரையைக் கிளப்புவதுபோல. ஒரே குழாய்க்குள் ரத்தத்துக்கு இரண்டு வழிகள் ஆகிவிடுகின்றன, அசல் வழி ஒன்று, பொய் வழி ஒன்று. நெஞ்சைத் திறந்த அறுவை மருத்துவருக்குத் தெரிவது வீங்கிக் கருநீலம் பாய்ந்த வெளிச்சுவர் மட்டும்தான். கீறல் எங்கே, வால்வு கசிகிறதா, இதயத்துக்கே ரத்தம் தரும் தமனிகளின் வாயைக் கிழிந்த உள்ளடுக்கு மறைக்கிறதா என்பதெல்லாம் உள்ளே இருக்கும் செய்திகள். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் காதுக்கு எட்டாத ஒலியால் தட்டுகிறோம், அதுதான் எக்கோ.

தொண்டை வழியாக ஏன் என்றால், உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. நடுவில் எலும்பு இல்லை, நுரையீரல் இல்லை. முன்பக்கம் முழுவதும் அறுவைக் குழுவின் கைகள் இருக்கும்போது, அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்க்கக் கொல்லைப்புற வாசல் அது ஒன்றுதான். மயக்கம் கொடுத்த பிறகே கருவியை இறக்குவோம். விழித்திருக்கும்போது விட்டால் ஓங்கரிப்பு வரும். ரத்த அழுத்தம் ஏறினால் மெலிந்த சுவர் உடைந்தே போகலாம்.

அன்று திரையில் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. கொடியில் காயும் வேட்டியின் ஓரம் காற்றில் படபடப்பதுபோல, கிழிந்த உள்ளடுக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது. இதய உறைக்குள் கொஞ்சம் ரத்தம் சேர்ந்திருந்தது. வால்வில் கசிவும் இருந்தது. இதயம் சுருங்கும்போது எந்த வழி விரிகிறதோ அதுதான் அசல் வழி; பொய் வழியில் ரத்தம் புகைபோல மந்தமாகச் சுழலும்.

அடுத்து வந்தது, அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் பார்க்கும் இதய-நுரையீரல் எந்திரம். தொடைத் தமனி வழியாக ரத்தத்தைச் செலுத்தத் தொடங்கினார்கள். நான் கருவியைத் திருப்பி, முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடத்துக்குள் அசல் வழி மூன்றாம் பிறைபோல ஒடுங்கிவிட்டது. எந்திரம் ஊற்றுவதெல்லாம் பொய் வழிக்குள் போகிறது என்று பொருள். எந்திரத்தின் திரையில் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. ஆனால் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகவில்லை. "நிறுத்துங்கள்" என்றேன். அறுவை மருத்துவர் ஏன் என்று கேட்கவில்லை, திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குழாயை வலது அக்குள் தமனிக்கு மாற்றியதும் பிறை மெல்ல வட்டமானது. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தக் கருவி வேண்டும் என்பேன்.

உடலைக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கிழிந்த பகுதிக்கு டேக்ரான் என்னும் செயற்கை இழையால் ஆன குழாயை வைத்துத் தைக்கும் நேரத்தில் எக்கோவுக்கு அநேகமாக வேலை இல்லை. இதயம் மறுபடி துடிக்கும்போதுதான் திரும்பவும் கூப்பிடுவார்கள். அறைகளுக்குள் சிக்கிய காற்று, கோலி சோடாவை உடைத்ததுபோல வெண்புள்ளிகளாகப் பொங்கும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். புள்ளிகள் அடங்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். சரிசெய்த வால்வு கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும். நெஞ்சை மூடிய பிறகு தெரிந்து என்ன பயன்?

கருவிக்குக் குருட்டுப் புள்ளியும் உண்டு. மேலேறும் பெருந்தமனியின் கடைசிப் பகுதிக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் மூச்சுக்குழாய் நிற்கிறது. அதிலுள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும். அந்த இடத்தைப் பார்க்க, கிருமி நீக்கிய உறையிட்ட வேறொரு கருவியை அறுவை மருத்துவரே பெருந்தமனியின் மேல் நேரடியாக வைப்பதுண்டு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாயில் பழைய அறுவை, கல்லீரல் நோய், ஆடும் பல், பல்செட் எது இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிதாகக் கருவியால் உணவுக்குழாயில் காயம் ஏற்படலாம்.

மகனுக்குத் தெம்பாக இன்னொன்றும் சொன்னேன். இந்த நோய்க்கான அறுவையை 1950களில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான மைக்கேல் டிபேக்கி. அவருக்கே 97 வயதில் இதே நோய் வந்தது. 2006 பிப்ரவரியில் அறுவை செய்துகொண்டு, பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

கொத்தனாருக்கு வயது ஐம்பத்தெட்டுதான். நான்காம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கப் போனேன். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். "அது பரவாயில்லை ஐயா, தொண்டைதான் எரிகிறது. உள்ளே என்னத்தை விட்டீர்கள்?" என்றார். மகன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கரண்டிக் காம்புக் கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கினார்.