குழந்தையோடு வெளிநாட்டுப் படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். கணவரால் இப்போதைக்கு வேலையை விட்டு வர முடியாது. குழந்தையை நான் மட்டும் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் "நீ போய்ப் படி, குழந்தை இங்கேயே இருக்கட்டும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பிரிட்டனுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு அங்கே விதியை மாற்றிவிட்டார்கள். சாதாரண முதுகலை படிக்கப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ சார்ந்தவர் விசாவில் அழைத்துப் போக முடியாது. முனைவர் பட்டம், ஆராய்ச்சி அடிப்படையிலான முதுநிலைப் படிப்பு, அரசாங்கத்தின் முழு உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பது, இப்படிச் சில வகையினருக்குத்தான் அந்த வழி திறந்திருக்கிறது. அப்படித் திறந்திருந்தாலும், அப்பா ஒரு நாட்டில் அம்மா ஒரு நாட்டில் என்று இருந்தால், குழந்தையின் முழுப் பொறுப்பும் உங்களுடையதுதான் என்றோ, மிக வலுவான வேறு காரணம் இருக்கிறது என்றோ காட்டச் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்தாது. "சுற்றுலா விசாவில் கூட்டிக்கொண்டு போய்விடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். விருந்தாளியாகத் திரும்பத் திரும்ப வந்து ஒரு நாட்டில் குடியிருக்க முடியாது, பிடிபட்டால் உங்கள் படிப்புக்கும் சேர்த்துச் சிக்கல் வரலாம்.

ஆக உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஜெர்மனிதான் நடக்கக்கூடிய வழி. அங்கே மாணவருக்குக் கிடைக்கும் தங்கும் அனுமதியோடு குழந்தைக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம், அப்பா கூட வராவிட்டாலும் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் போதும். பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். மாணவருக்கான முடக்கக் கணக்கில், அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ என்று நீங்கள் படித்திருப்பது ஒரு ஆளுக்கான கணக்கு. குழந்தையின் செலவும் அவளுடைய மருத்துவக் காப்பீடும் அதற்கு மேல் வரும்.

சரி, விசா ஒரு பக்கம். கேட்கிற எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வகுப்பு தொடங்கிய பிறகு வரும் முதல் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு உங்கள் குழந்தை எங்கே, யாரோடு இருப்பாள்? இதற்கு ஒரு முகவரியோடு பதில் சொல்ல முடிந்தால் கிளம்பலாம். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் என்றால் இன்னும் கிளம்பும் நேரம் வரவில்லை. பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பத்து முறை பார்க்கிறவர்கள் இதை ஒரு முறை கூட விசாரிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் படிப்பு பாதியில் நிற்பதற்கு இதுவே பெரிய காரணமாகிவிடுகிறது.

ஜெர்மனியில் மூன்று வயது நிறைந்த பிள்ளைகளுக்கு மழலையர் காப்பகத்தில், அங்கே 'கிட்டா' என்பார்கள், இடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. 2013 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வயது முடிந்த குழந்தைகளுக்கும் அது வந்துவிட்டது. ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக இடம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. மாணவர் நலனுக்காகப் பல்கலைக்கழக ஊர்களில் இயங்கும் 'ஸ்டுடியரென்டன்வெர்க்' அமைப்புகள் பல இடங்களில் மாணவர்களின் குழந்தைகளுக்கென்றே கிட்டா நடத்துகின்றன. அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே அங்கே பெயரைக் கொடுத்து வையுங்கள், குடும்பத்தோடு தங்கும் மாணவர் குடியிருப்புக்கும் அப்போதே எழுதுங்கள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கிட்டாவுக்குக் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் சிறிய தொகை வாங்குகிறார்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்றால் முதல் நாளே குழந்தையை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிட முடியாது. 'ஐன்கெவோனுங்' என்று ஒரு பழக்கும் காலம் வைத்திருக்கிறார்கள். முதல் சில நாட்கள் நீங்களும் அதே அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும், விளையாட்டில் சேரக் கூடாது, குழந்தை திரும்பிப் பார்த்தால் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போவீர்கள், சில நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். அழுகை அடங்குகிறதா, ஆசிரியையின் மடிக்குப் போகிறாளா என்று பார்த்துப் பார்த்து அந்த நேரத்தை நீட்டுவார்கள். சில வாரங்கள் எடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, குழந்தையை ஏமாற்றிப் பின்வாசல் வழியாக நழுவும் வேலையே இல்லை. குளிர்காலப் பருவத்துக்கான வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும் என்பதால் செப்டம்பர் தொடக்கத்திலேயே போய்ச் சேரும்படி பாருங்கள்.

காகிதங்களில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று தடுப்பூசி அட்டை. 2020 மார்ச் 1 முதல் அங்கே தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிட்டாவில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு வயது கடந்த குழந்தைக்கு இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். ஊசியின் பெயர், போட்ட தேதி, மருத்துவமனை முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இன்னொன்று அப்பாவின் சம்மதக் கடிதம். விசாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டோம் என்று விட்டுவிடாமல் நோட்டரி கையெழுத்தோடு இன்னொரு பிரதியைக் கைப்பையிலேயே வையுங்கள். ஒரு பெற்றோரோடு மட்டும் பயணம் செய்யும் குழந்தையைப் பற்றிக் குடிவரவு அதிகாரிகள் விசாரிப்பது சகஜம். கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள், பதற வேண்டாம்.

வீட்டில் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் முதலில் போய் வீடும் கிட்டாவும் உறுதிசெய்து, சில மாதங்கள் கழித்து அப்பா அவளைக் கொண்டு வந்து விடுவது நல்ல ஏற்பாடுதான். அவள் இப்போதே யாரோடு தூங்கி எழுகிறாளோ அவர்களோடு அதே வீட்டில் இருக்க வேண்டும், திரும்பச் சேரும் தேதி முடிவாகியிருக்க வேண்டும். படிப்பு முடியும்வரை விட்டுவிடுவது என்பது வேறு விஷயம், உங்களால் அழைத்துப் போக முடிகிறபோது அதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாங்கள் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் யோசிக்கிறோம். மனைவி படிக்கப் போகிறார், நானும் ஐந்து வயது மகனும் கூடப் போவோம். நான் அங்கே வேலை பார்க்கலாமா?

பதில்: அமெரிக்காவில் மாணவரின் துணைக்குக் கிடைக்கும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்கவே முடியாது. இரண்டு பேரும் ஒரு வருமானத்தில், அதுவும் உதவித்தொகையில், ஓட்ட வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மகனுக்குக் கவலை இல்லை, எஃப்-2 பிள்ளைகள் அங்குள்ள அரசுப் பள்ளியில் படிக்கலாம். மனைவிக்கு வருவதைப் போலவே உங்கள் இருவருக்கும் தனித்தனியாக ஐ-20 படிவம், அதாவது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று, வர வேண்டும், பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்திரேலியாவில் நீங்கள் வேலை செய்ய அனுமதி உண்டு, நேரக் கட்டுப்பாடுகளைப் படித்துக்கொள்ளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கைச் சான்றும் கட்டணத்துக்கான பணமும் காட்ட வேண்டும். முக்கியமானது இன்னொன்று: மனைவி மட்டும் முதலில் போவதாக இருந்தாலும் அவருடைய மாணவர் விசா விண்ணப்பத்தில் உங்கள் இருவர் பெயரையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நீங்கள் சேருவது சிக்கலாகிவிடும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையோடு தனியாக நீண்ட விமானப் பயணம். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் தயாரிப்பு வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். விமானத் தொட்டில் கிடைக்கிறதா என்று பயணச்சீட்டு எடுத்தவுடன் கேளுங்கள், ஒவ்வொரு நிறுவனமும் எடைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, ஒன்றரை வயதில் பல குழந்தைகள் அதைத் தாண்டியிருப்பார்கள். பணம் இடம் கொடுத்தால் தனி இருக்கை வாங்குங்கள், இரவுப் பயணத்தில் அது உங்கள் கையையும் முதுகையும் காப்பாற்றும்.

காது வலி பெரும்பாலும் விமானம் இறங்கும்போதுதான் வரும். தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே அழுத்தம் மாறத் தொடங்கிவிடும், அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் மெதுவாக எழுப்பிப் பால் கொடுங்கள், அல்லது எதையாவது சப்ப வையுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். சளியோ காதில் சீழோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தூங்கவைக்க ஒவ்வாமை மருந்து கொடுக்கச் சொல்வார்கள், வேண்டாம், சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் படபடப்பைக் கொடுத்துவிடும். குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாட்டிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு, சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிவிடுங்கள். தள்ளுவண்டியை விமான வாசலில் கொடுத்தால் இடையில் மாறும் நிலையத்தில் கைக்கு வருமா, கடைசி ஊரில்தான் வருமா என்று கேட்டுவிடுங்கள். கடைசி ஊரில்தான் என்றால் குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணி தேவைப்படும். விமானம் மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

கேள்வி: நான் முனைவர் படிப்புக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. நான்கு வயது மகன் வீட்டில் ஓயாமல் பேசுகிறான், பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் இந்த ஊர் மொழியில் பேசுங்கள் என்று ஒரு தோழி சொல்கிறார்.

பதில்: உங்கள் மகன் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான். புது மொழிக்குள் போடப்படும் சிறு பிள்ளைகள் பலர் இப்படிச் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, பேசாமல் இருப்பார்கள். முதலில் சைகை, பிறகு ஒற்றைச் சொல், பிறகு மற்ற பிள்ளைகள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வது என்று வரும். வீட்டில் தமிழை விடாதீர்கள். நீங்களே தடுமாறும் ஒரு மொழியில் அவனோடு பேசினால் அவனுக்குக் கதையும் கிடைக்காது, ஆறுதலும் கிடைக்காது.

பள்ளிக்கு ஒரு உதவி செய்யலாம். ஒரு அட்டையில் அவன் சொல்லும் சொற்களை ஆசிரியை படிக்கும் எழுத்தில், பொருளோடு எழுதிக் கொடுங்கள்: தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, அம்மா எப்ப வருவாங்க. பக்கத்தில் சின்னப் படமும் வரைந்தால் அவனே விரலால் தொட்டுக் காட்டுவான். கேட்கத் தெரியாமல் உடையை நனைத்துக்கொண்டு மூலையில் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் என்ன? நீங்கள் கூட்டிப்போக வரும் நேரத்தையும் கடிகாரப் படமாக வரைந்து ஒட்டச் சொல்லுங்கள்.

தமிழிலும் பேச்சு குறைந்தால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், பல மாதமாகியும் சைகையில்கூட யாரோடும் சேராவிட்டால் காதுப் பரிசோதனையும் மருத்துவர் ஆலோசனையும் தேவை. அதுவரை ஆசிரியையிடம் "இன்று பேசினானா" என்று அவன் காதுபடக் கேட்காதீர்கள். யாரோடு விளையாடினான், எதைப் பார்த்துச் சிரித்தான் என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்குக் குழந்தை இருப்பதை வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னால் படிப்பில் அக்கறை இல்லாதவள் என்று நினைப்பாரா?

பதில்: அனுமதி கையில் வந்த பிறகு சொல்லிவிடுங்கள், தயங்காமல். ஆய்வகக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு வைக்கும் வழக்கம் உண்டா, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று நேராகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே அடுத்த சில ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அதே ஆய்வகத்தில் குழந்தையோடு படித்த மாணவி யாராவது இருந்தால் அவரிடமும் தனியாகப் பேசுங்கள்.